மலை இறங்கக் கற்ற வாரம்

ஆறு டன் எடையுள்ள வீட்டை மலைமேல் ஏற்றப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறும். என்ஜின் முனகும், வேகம் குறையும், பின்னால் கார்கள் வரிசை கட்டும். அதற்குமேல் ஒன்றும் ஆகாது. அதே வீட்டை மறுபக்கம் இறக்குவதுதான் தொழில். வயோமிங் மாநிலத்து மலைகளில் நானும் வீட்டுக்காரரும் மோட்டார் ஹோமில் சுற்றிய ஒரு வாரத்தில், பார்க்க வேண்டிய இடங்களில் பாதியைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. இந்தத் தொழிலின் அரிச்சுவடியை மட்டும் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் ஹூஸ்டன்வாசிகள். அந்த ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான். பிறந்தது பொள்ளாச்சி என்பதால் மலைப்பாதை எனக்குப் புதிதில்லை. ஆனால் வால்பாறை ரோட்டின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் பார்த்தது பஸ் ஜன்னலிலிருந்து. இறக்கம் வந்ததும் டிரைவர் கியரைக் குறைப்பார், பஸ் அலறிக்கொண்டே போகும். வண்டி பழசு, அதனால் கத்துகிறது என்றுதான் அந்த வயதில் நினைப்பு.

சால்ட் லேக் சிட்டியில் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். லாரி சேஸிஸின்மேல் ஒரு வீட்டைக் கட்டி, டிரைவரின் தலைக்கு மேலே ஒரு படுக்கையைத் துருத்தி வைத்த வகை. 'கிளாஸ் சி' என்பார்கள். ஃபோர்டு ஈ-450 சேஸிஸ், வி-8 பெட்ரோல் என்ஜின். தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 14,500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஏறத்தாழ 6,600 கிலோ. நீளம் 28 அடி. அதில் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற பகுதி மட்டும் எட்டடிக்கு மேல். இந்தக் கடைசி அளவை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

வண்டியை ஒப்படைத்த பையன் ஃபிரிட்ஜ், ஹீட்டர், கேஸ், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மடமடவென்று காட்டினான். மைக்ரோவேவையும் ஏ.சி.யையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், 30 ஆம்ப் தாங்காது என்றான். மலை என்று ஒன்று இருப்பதே அவன் பேச்சில் வரவில்லை. கியர் லீவரின் நுனியில் இருந்த சின்ன பட்டனைக் காட்டி இது எதற்கு என்று கேட்டேன். "பின்னால டிரெய்லர் இழுக்கிறவங்களுக்கு. உங்களுக்கு வேண்டாம்" என்று தாண்டிப் போனான்.

லோகன் வரைக்கும் வீட்டுக்காரர் ஓட்டினார். அதற்கப்புறம் 89-ம் நெடுஞ்சாலை லோகன் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஆறு. நுழைவாயிலிலேயே ஓரங்கட்டி இறங்கிவிட்டார்.

"அம்மிணி, நீயே ஓட்டு. இந்தப் பாறை பக்கத்துல வந்தாலே எனக்குக் கையெல்லாம் வேர்க்குது."

"நான் மட்டும் என்னங்க, லாரி ஓட்டியா பழக்கம்?"

"உனக்குப் பயமில்லை. எனக்குக் கணக்குத் தெரியும், அதான் பயம்."

எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அன்றைக்குத் தீர்ந்தது. ஸ்டியரிங் எனக்கு, கணக்கு அவருக்கு. பேர் லேக் ஏரியின் நீலப்பச்சையைப் பார்த்துக்கொண்டு இறங்கி, ஸ்னேக் ஆற்றின் ஓரமாகவே போய், ஜாக்சன் தாண்டி, கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவின் கோல்டர் பே முகாமை அடைந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. டீட்டன் மலைகளுக்கு அடிவாரக் குன்றுகள் கிடையாது. நிலப்பிளவு ஒன்றின் ஒரு பக்கம் மேலெழும்பியும் மறுபக்கம் தாழ்ந்தும் உண்டானவை என்பதால், சமவெளியிலிருந்து நேராகச் சுவர்போல நிற்கின்றன. உச்சி 4,199 மீட்டர். அதை அண்ணாந்து பார்க்க அன்று நேரமில்லை. எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் வண்டியை ரிவர்ஸில் விட வேண்டியிருந்தது.

முகாம்களில் மாலை நேரத்துக்கு ஒரு இலவசப் பொழுதுபோக்கு உண்டு. மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிற தம்பதிகள் வண்டியைப் பின்னால் விடுவதைப் பார்ப்பது. கணவன் ஒன்று சொல்ல, மனைவி ஒன்று கேட்க, இரண்டு பேரும் கத்த, கடைசியில் ஒருவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போவதோடு காட்சி முடியும். எங்களுக்கும் பார்வையாளர்கள் கூடினார்கள். அந்த நேரத்தில்தான் முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மா தன் சின்ன மின்வண்டியில் வந்து எங்கள் பானட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

மாண்டானாக்காரர். எழுபதைத் தாண்டியவர். மலையூர் ஒன்றில் ஓய்வுபெறும்வரை ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கிறார். கோடைக்காலம் முழுக்க இங்கேயே தன் வண்டியில் தங்கி முகாம் வேலை பார்க்கிறார். அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை, "என்ஜினை ஆஃப் பண்ணு."

இரண்டு பேரையும் கீழே இறக்கி அந்த இடத்தை ஒரு சுற்று நடக்க வைத்தார். சாப்பாட்டு மேசை எங்கே, மின்சாரக் கம்பம் எங்கே, பின்னால் கல் உண்டா, மேலே கிளை உண்டா. கிளையை யாரும் பார்ப்பதில்லை என்றார். பிறகு தன் தோல் கையுறையில் ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்தார். "உன் பின்சக்கரம் இங்கே வந்து நிற்கணும். நீ வீட்டை நிறுத்த வேண்டாம் கண்ணு, சக்கரத்தை நிறுத்து. வீடு கூடவே வந்துடும்." அதுவரை நான் அந்த 28 அடி முழுவதையும் தலைக்குள் தூக்கிக்கொண்டு ஓட்ட முயன்றுகொண்டிருந்தேன். ஒரு கையுறை அளவுக்கு வேலை சுருங்கியதும் கைக்கு அடங்கிவிட்டது.

வீட்டுக்காரருக்குத் தனிப் பாடம். வழிகாட்டுகிறவர் டிரைவர் பக்கத்துப் பின்மூலையில் நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் முகம் டிரைவருக்குத் தெரிய வேண்டும். முகம் மறைந்தால், காரணம் எதுவானாலும், டிரைவர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் கைச்சாடை. இடது, வலது என்ற பேச்சே வேண்டாம். வண்டியின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நீட்டு. இரண்டு கையும் தலைக்கு மேல் குறுக்காகப் போனால் நில். "அந்த ஒரு சாடைக்கு மட்டும் விவாதம் கிடையாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசிப் பேசிப் பழகிய குரல்.

வண்டி நின்றதும் நாற்காலிக் கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். காலியாகக் கிடந்த நிறுத்துமிடத்தில் வண்டியை நேராக நிறுத்தச் சொல்லி, வலது பின்மூலைக்குப் பக்கத்தில், வண்டிச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வாளியை வைத்தார். "ஸ்டியரிங்கை முழுசா இடதுபக்கம் ஒடி. மெதுவா முன்னால போ. வாளியை மட்டும் பாரு." நான் வாளியிலிருந்து விலகித்தானே போகிறேன் என்று நினைத்தபடி நகர்த்தினேன். வலதுபக்கக் கண்ணாடியில் வண்டியின் பின்மூலை வெளியே வீசிக்கொண்டு வந்து வாளியைச் சத்தமில்லாமல் உருட்டிவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் மூன்றடி தொங்கினால் ஓரடி வீசும் என்பது அவர் கைக்கணக்கு. எங்களுக்கு எட்டடிக்கு மேல். அப்படியானால் ஏறக்குறைய மூன்றடி. வாடகை வண்டிகளின் பின்மூலையில் மஞ்சள் பெயின்ட் தீற்றல்கள் இருப்பது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. பெட்ரோல் பங்குகளில் பம்பைச் சுற்றி நட்டிருக்கும் மஞ்சள் தூண்களின் பெயின்ட் அது. பெட்ரோல் போட்டுவிட்டு உடனே திரும்பக் கூடாது; வால் பம்பைத் தாண்டும்வரை நேராகப் போய் அப்புறம் ஒடிக்க வேண்டும்.

மேலே தட்டையான கண்ணாடி, கீழே குவிந்த கண்ணாடி என்று பக்கத்துக்கு இரண்டு. தட்டையானதில் தூரம் உண்மை. குவிந்ததில் பரப்பு உண்மை. குவிந்த கண்ணாடியில் பின்சக்கரம் தெரியும்படி திருத்தி வைத்தார். வளைவில் முன்னால் பார்ப்பதுபோலவே அதையும் பார்க்க வேண்டும். பின்சக்கரம் வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தால் மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

கழிவுத் தொட்டிப் பாடத்தை அதிகம் விவரிக்கப் போவதில்லை. கழிவறைக் கழிவுக்கு ஒரு தொட்டி, குளியல், பாத்திரத் தண்ணீருக்கு இன்னொன்று. முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது முழுக்கப் போனபின் சோப்புத் தண்ணீரைத் திறந்தால் ஹோஸையும் அதுவே அலசிவிடும். சாக்கடை இணைப்பு இருக்கிறதே என்று முதல் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிட்டு மற்றது உள்ளே கோபுரமாகக் காய்ந்து நிற்கும். இந்த இலாகாவை வீட்டுக்காரர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவர் காட்டிய சிரத்தையை எங்கள் வீட்டுக் குழாயிடம் ஒருநாளும் காட்டியதில்லை.

உண்மையான பாடம் அதற்கடுத்த நாள். அந்தம்மாவின் பிக்கப் வண்டி டூபாய்ஸ் என்ற ஊரில் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதை எடுத்துவர அவருக்கு ஒரு சவாரி வேண்டும். நடுவில் டோகட்டி கணவாய். 9,658 அடி, அதாவது 2,944 மீட்டர். 1873-ல் கேப்டன் வில்லியம் ஜோன்ஸின் படைக்குழுவுக்கு இந்த வழியைக் காட்டிய ஷோஷோனி இனத்து வழிகாட்டியின் பெயர் அது. "என்னைக் கொண்டுபோய் விடு, கூலியா மலை இறங்கச் சொல்லித் தரேன்" என்றார்.

ஏறும்போது அவர் பேசியதெல்லாம் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான். என்ஜின் திணறியது. உயரம் கூடக் கூடக் காற்றடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் பலத்தை இழக்கும் என்று பின்சீட்டிலிருந்து தகவல் வந்தது. பின்னால் நான்கைந்து கார்கள் சேர்ந்ததும் ஓரத்தில் ஒதுங்கிடம் பார்த்து விலகி வழிவிடச் சொன்னார். மலையில் மெதுவாகப் போவது குற்றமில்லை, வழிவிடாமல் போவதுதான் குற்றம் என்பது அவர் கட்சி.

உச்சியில் நிறுத்தச் சொன்னார். எனக்கு ஆச்சரியம், பார்ப்பதற்கு அங்கே விசேஷமாக ஒன்றுமில்லை, பைன் மரங்களும் ஒரு பலகையும்தான். "இறக்கம் இங்கேயே ஆரம்பிக்குது கண்ணு. கீழே போய் யோசிக்க முடியாது." மஞ்சள் பலகையில் சரிவில் இறங்கும் லாரிப் படமும் 6 சதவீதம் என்ற எண்ணும். நூறு மீட்டர் போனால் ஆறு மீட்டர் கீழே இறங்குகிறோம். கேட்கச் சாதுவாக இருக்கும். அதுவே மைல் கணக்கில் தொடர்ந்தால்தான் அதன் குணம் தெரியும்.

கியர் லீவர் நுனியில் இருந்த அந்தப் பட்டனை அமுக்கச் சொன்னார். வாடகைக் கடைப் பையன் வேண்டாமென்ற பட்டன். டேஷ்போர்டில் 'டோ-ஹால்' என்று ஒரு விளக்கு எரிந்தது. இது போட்டிருந்தால் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் கியர் தானாகக் கீழிறங்கும்; என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். "டிரெய்லர் இழுக்கிறவங்களுக்குன்னா சொன்னான்? நீ உன் வீட்டையே இழுத்துட்டுப் போறே, அது போதாதா?"

பிறகு ஒரு வேகத்தை முடிவு செய்யச் சொன்னார். நாற்பது மைல் என்றேன். சரி, அதைத் தாண்டக் கூடாது. முள் நாற்பதைத் தொட்டதும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து மூன்று நொடிக்குள் முப்பத்தைந்துக்குக் கொண்டுவா. உடனே காலை முழுசாக எடுத்துவிடு. மறுபடி நாற்பது வரும், மறுபடி மிதி. நடுவில் பிரேக்கின்மேல் கால் உட்காரவே கூடாது. லேசாக மிதித்துக்கொண்டே இறங்குவதுதான் எல்லாருக்கும் வருகிற இயல்பு. அதுதான் பிரேக்கைக் கொல்கிறது. அமெரிக்காவில் லாரி, பஸ் லைசென்ஸுக்கான கையேட்டிலும் இதே முறைதான் இருக்கிறது.

இறங்க ஆரம்பித்தோம். பிரேக்கைத் தொட்டேன், கியர் மாறியது, என்ஜின் ஒரேயடியாக அலறியது. முள் நாலாயிரம் சுற்றைத் தாண்டிவிட்டது. பதறிப்போய்க் காலை எங்கே வைப்பது என்று தேடினேன். அந்தம்மா ஜன்னல் வழியாகப் பாறைகளைப் பார்த்தபடி சொன்னார்: "கத்தட்டும். கத்துகிற சாமானுக்கு ஒண்ணும் ஆகாது. பிரேக் இருக்கே, அது சத்தமே போடாமல் செத்துப்போகும்." வால்பாறை பஸ் ஏன் கத்தியது என்பது இத்தனை வருஷம் கழித்து வயோமிங்கில் விளங்கியது.

பின்னால் சாப்பாட்டு மேசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தவர் வரைபடத்தின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தார். "அம்மிணி, இங்கிருந்து டூபாய்ஸ் எண்ணூத்து முப்பது மீட்டர் கீழே. ஆறு டன். கணக்குப் போட்டா, ஒன்றரை லிட்டர் பெட்ரோலை எரிச்சா வர்ற சூடு. அவ்வளவையும் வழியிலே எங்காவது கொட்டித் தீர்க்கணும்." அந்தம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இத்தனை வருஷம் பஸ் ஓட்டியும் இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்றார். அந்தச் சூட்டை என்ஜினிலும் காற்றிலும் கொட்டலாம். அல்லது நான்கு சக்கரத்துப் பிரேக் தட்டுகளில் கொட்டலாம். தட்டுகள் அளவுக்கு மேல் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதற்கு நேரடிச் செயல்விளக்கமும் கிடைத்தது. பாதி இறக்கத்தில் ஒரு ஒதுங்கிடத்தில் டிரெய்லர் இழுத்துவந்த பிக்கப் ஒன்று நின்றிருந்தது. முன்சக்கரங்களிலிருந்து புகை. ஜன்னலைத் திறந்ததும் கருகிய ரப்பரும் இரும்பும் கலந்த ஒரு காட்டமான நெடி. அந்தம்மா என்னை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் போனார். வண்டிக்காரர் கையில் தண்ணீர்க் கேன். "ஊத்தாதே!" என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். பழுக்கக் காய்ந்த தட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்டதற்கு, "கையைப் பக்கத்துல கொண்டுபோனா சுடாத வரைக்கும். அதுக்கப்புறம் இன்னொரு காபி குடிக்கிற வரைக்கும்" என்றார்.

திரும்பும்போது அவர் தன் பிக்கப்பில் எனக்குப் பின்னால் வந்தார். பரீட்சை அதுதான். "உன் பிரேக் லைட்டைப் பார்த்துட்டே வருவேன்" என்று சொல்லியிருந்தார். மேற்குப் பக்கம் இறங்கும்போது டீட்டன் மலைத்தொடர் முழுவதும் பனித் திட்டுகளோடு முன்கண்ணாடியில் எழும்பி நின்றது. வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சிகளில் ஒன்றாக இருந்திருக்கும். நான் பார்த்தது முள்ளை. நாற்பது, மிதி, முப்பத்தைந்து, விடு. மோரன் சந்திப்பில் இறங்கி வந்து என் சக்கரத்துப் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். இளஞ்சூடு. தலையை ஆட்டினார். "லைட்டு இன்னும் குறைச்சலா எரியலாம்" என்று மட்டும் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு அவருக்கு எங்கள் வண்டியில் சாப்பாடு. மலையில் சமையலும் ஒரு கைத்தொழில்தான். கோல்டர் பே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம், துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். குக்கர் கொண்டுபோயிருந்ததால் பிழைத்தோம். விசில் வந்தபோது அந்தம்மா பதறி எழுந்துவிட்டார். ரசம் இரண்டு கிண்ணம் குடித்தார். போகும்போது, வெளியே ஒரு கரண்டிகூடக் கிடக்கக் கூடாது என்று மறுபடி எச்சரித்தார். கரடி ஊர் அது. கழுவாத பாத்திரம், குளிர்ப்பெட்டி, குப்பைப்பை எல்லாம் வண்டிக்குள் பூட்டப்பட வேண்டும். பெருங்காய வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

யெல்லோஸ்டோனைப் பற்றி எழுதாதவர் யார்? ஓட்டுகிறவளாக எனக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். 1872-ல் பூங்கா உண்டானாலும் மோட்டார் கார்களை உள்ளே விட்டது 1915-ல்தான். கிராண்ட் லூப் என்கிற 142 மைல் சுற்றுச்சாலையை ராணுவப் பொறியாளர்கள் வகுத்தது குதிரை வண்டிகளுக்காக. குதிரை மூச்சு வாங்காத அளவுக்கு வைத்த சரிவு என் போன்ற கற்றுக்குட்டிக்குப் பெரும்பாலும் தோதாகவே இருந்தது. தொந்தரவு வேறு இடத்தில். நீளமான வண்டிக்கு நிறுத்த இடம் காலை ஒன்பது மணிக்கு மேல் எங்கும் கிடையாது. வெந்நீர் ஊற்றுகளை அதிகாலையில் பார்த்துவிட வேண்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் எப்போது பீறிடும் என்று பத்து நிமிஷம் முன்பின்னாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு நேரம் தவறாமல் போவதுகூட எளிது, வண்டியை நிறுத்துவதுதான் கடினம். ஹேடன் சமவெளியில் காட்டெருமைகள் சாலையை எடுத்துக்கொண்டால் என்ஜினை ஓடவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, இறங்கக் கூடாது. ஒரு டன் அளவுக்கு வளரும் கடா ஒன்று என் ஜன்னல் உயரத்துக்குத் திமிலைக் கொண்டுவந்து, பக்கக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு நகர்ந்தது. வீட்டுக்காரர் மூச்சே விடவில்லை.

ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் தங்கிவிட்டு, கிழக்கு வாசல் வழியாக வெளியேறினோம். 8,524 அடி உயர சில்வன் கணவாய். அந்தம்மா இல்லாத முதல் இறக்கம். உச்சியில் நிறுத்தினேன். பட்டன், வேகம், மூச்சு. இறங்கும்போது ஒன்று கவனித்தேன்: பயம் இருந்தது, ஆனால் அதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. உச்சியிலேயே அதோடு பேசி முடித்துவிட்டால் வழியில் குறுக்கிடுவதில்லை. கோடி ஊருக்கு முன்னால், பஃபலோ பில் அணைப் பக்கம் குகைப்பாதைகள் வரும். வண்டியின் உயரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு மேலே நாங்கள் ஒட்டி வைத்திருந்த காகிதத்தை ஒவ்வொரு குகைக்கும் முன்னால் வீட்டுக்காரர் உரக்க வாசித்தார், நான் கேட்காமலே.

தெற்கே திரும்பி, தெர்மாபொலிஸ் ஊரின் வெந்நீர்க் குளியலில் இரண்டு பேரும் தோள்வலியைக் கரைத்தோம். 1896-ல் ஷோஷோனி, அரப்பஹோ மக்களோடு செய்த ஒப்பந்தத்தின்படி அரசுக் குளியலகத்தில் இன்றும் கட்டணமில்லை. அதைத் தாண்டி விண்ட் ரிவர் பள்ளத்தாக்கு. ஓரத்துப் பாறை அடுக்குகளின் பெயரையும் வயதையும் சாலையோரம் பலகை போட்டு எழுதியிருக்கிறார்கள். ஆறு பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரும் இடத்தில் அதன் பெயர் மாறிவிடுகிறது. மேலே விண்ட், கீழே பிக்ஹார்ன். தண்ணீர் ஒன்றே. வீட்டுக்காரருக்கு இது மிகவும் பிடித்துப்போய், பள்ளத்தாக்கு முடியும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தார்.

லாண்டரில் தங்கி மறுநாள் சவுத் பாஸ் ஏறினோம். ஏறினோம் என்பதே அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓரிகன், கலிஃபோர்னியா, யூட்டா நோக்கிக் கூடார வண்டிகளில் போன லட்சக்கணக்கான மக்கள் ராக்கி மலையைத் தாண்டியது இங்கேதான். வடமேற்கே டீட்டன் சுவர் நிற்க, இங்கே மலை படுத்துக் கிடக்கிறது. கண்டத்தின் நீர்ப்பிரிமுகட்டைத் தாண்டிவிட்டோம் என்பதே பலருக்குத் தெரியவில்லையாம். அவர்களுடையதும் வீட்டை இழுத்துக்கொண்டு போன பயணம்தானே. செங்குத்தான இறக்கங்களில் அவர்கள் சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி உருளவிடாமல் சறுக்கவிட்டார்கள். வண்டியின் பின்னால் கயிறு கட்டி ஆட்கள் பிடித்து இழுத்தார்கள். சில இடங்களில் மரத்தை வெட்டிப் பின்னால் கட்டிச் சுமையாக இழுக்கவைத்தார்கள். பட்டன் இல்லாத காலத்து டோ-ஹால். மாடுகளுக்கும் ஆட்களுக்கும் தோதான சரிவைத் தேடித்தான் அவர்கள் அத்தனை சுற்றி வந்தார்கள். ஏறும் வழியைவிட இறங்கும் வழியைப் பார்த்துக் கணவாயைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது.

சால்ட் லேக் சிட்டிக்குத் திரும்பும் 80-ம் நெடுஞ்சாலையில் மலையைவிடக் காற்று மோசம். பக்கக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு அந்தச் சாலையை மூடியே விடுவார்கள். எங்கள் வண்டியின் பக்கச்சுவர் காற்றுக்கு ஒரு பாய்மரம். பெரிய லாரி தாண்டும்போது முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல், வேகத்தைக் குறைத்து, இரண்டையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். இது யாரும் சொல்லித் தராமல் கை தானே கற்றது.

கடைசி இறக்கம் பார்லீஸ். ஏழாயிரம் அடிக்குச் சற்று மேலிருந்து சால்ட் லேக் சிட்டிக்குள் நேராகக் கொட்டுகிற நெடுஞ்சாலை. உச்சியில் ஓரங்கட்டி நான் இறங்கிக்கொண்டேன்.

"இதை நீங்க ஓட்டுங்க."

"அம்மிணி, விளையாடாதே."

"கணக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது சுலபம். எவ்வளவு சூடு, எங்கே கொட்டணும், சொல்லிட்டே ஓட்டுங்க."

சொல்லிக்கொண்டேதான் ஓட்டினார். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் எத்தனை மீட்டர் குறைந்திருக்கும் என்று ஒரு உத்தேசக் கணக்கு. என்ஜின் அலறியபோது முகம் வெளிறியது. கத்தட்டும் என்றேன். பக்கத்தில் லாரிகள் விளக்கு மின்னிக்கொண்டு ஊர்ந்து இறங்கின. அவற்றின் பின்னாலேயே போனார், தாண்ட முயலவில்லை. பக்கத்தில் பாறைச்சுவர் இருந்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்ரோல் கணக்கைப் பார்த்து இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை. கேலனுக்கு எட்டு மைல் சொச்சம்தான் கொடுத்திருந்தது. கார் எடுத்து விடுதியில் தங்கினால் இதைவிடச் செலவு குறைவு என்பது வீட்டுக்காரரின் தீர்ப்பு. அது சரியாகவே இருக்கும்.

கோல்டர் பேயை விட்டுக் கிளம்பிய காலையில் அந்தம்மா ஒரு துண்டுச்சீட்டு கொடுத்திருந்தார். பிக்ஹார்ன் மலையைத் தாண்டும் மூன்று சாலைகளின் எண்களை வரிசையாக எழுதியிருந்தார். முதலில் 16, சரிவு தாராளம், தைரியமாகப் போகலாம். அடுத்து 14, ஷெல் பள்ளத்தாக்கு வழி, கவனம். மூன்றாவது 14-ஏ, பத்து சதவீத இறக்கம். அதற்கு எதிரே, 'நான் கூட வராமல் வேண்டாம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அடுத்த கோடைக்கு 16 என்று வைத்திருக்கிறோம். குக்கரில் பருப்பு வேகிற நேரத்துக்கு வந்துவிடுவதாக அவரும் சொல்லியிருக்கிறார்.